ஜெல்லில் ஒற்றைப் பட்டை தெரிந்தால் பிரைமர் சரியென்று எழுதிவிடலாமா?

2023 தை 9. கேள்வி, சம்மாந்துறையிலிருந்து ஒரு மாணவி

இறக்காமம் பக்கத்து வயல்களில் எரிபந்த நோயின் புள்ளி விழுந்த நெல் இலைகளைச் சேகரித்து, அவற்றில் அந்த நோயைத் தரும் பிரிகுலேரியா ஒரைசே பங்கசு இருப்பதை பிசிஆர் (டிஎன்ஏயின் ஒரு துண்டை மட்டும் பெருக்கும் முறை) மூலம் உறுதிப்படுத்துவதுதான் எனது இறுதியாண்டு ஆய்வு. பங்கசின் டிஎன்ஏயில் ஐடிஎஸ் என்ற பகுதியின் எழுத்துத் தொடரை எடுத்து, பிரைமர்-பிளாஸ்ட் என்ற மென்பொருளில் இட்டு, முதலாவதாக வந்த பிரைமர் சோடியை (பெருக்கத்தைத் தொடக்கிவைக்கும் இரண்டு குறுகிய டிஎன்ஏ துண்டுகள்) தெரிவு செய்தேன். இரண்டு பிரைமர்களுக்கும் உருகு வெப்பநிலை (அவற்றில் பாதி இலக்கிலிருந்து கழன்றுவிடும் வெப்பநிலை) 60 பாகையை ஒட்டியே இருக்கிறது. ஜிசி வீதமும் (டிஎன்ஏயின் நான்கு எழுத்துகளான ஏ, டி, ஜி, சி ஆகியவற்றில் ஜி, சியின் பங்கு) 50 அளவில்தான். டிஎன்ஏ துண்டுகளை நீளப்படி பிரித்துக் காட்டும் ஜெல்லில் எதிர்பார்த்த நீளத்தில் ஒரேயொரு பட்டை வந்தது. நீர் மட்டும் இட்ட குழாயில் ஒன்றும் வரவில்லை. அறிக்கையில் "பிரைமர் சோடி சரிபார்க்கப்பட்டது" என்று எழுதலாமா மிஸ்?

2023 தை 9, இரவு

இப்போதைக்கு எழுத வேண்டாம் மகள். நோயுற்ற இலையிலிருந்து பிரித்த டிஎன்ஏக்குள் அந்த நீளத்தில் ஏதோ ஒன்று பெருகியது என்பது மட்டுமே உங்களுக்குத் தெரியும். ஜெல்லுக்கு நீளம் தெரியும், தொடர் தெரியாது.

இலைப் புள்ளியொன்றை வெட்டி அரைத்தால் குழாய்க்குள் வருவதில் பெரும்பங்கு நெல்லின் டிஎன்ஏதான். நெல்லின் மரபுத்தொகுதி சுமார் 39 கோடி எழுத்துச் சோடிகள் கொண்டது. எரிபந்தப் பங்கசினுடையது சுமார் 4 கோடி. அதே இலையில் கபிலப் புள்ளி நோயைத் தரும் பைபோலாரிஸ் இருக்கலாம், இறந்த இழையத்தில் பின்னர் வந்து குடியேறிய வேறு பங்கசுகளும் இருக்கலாம். ஐடிஎஸ் இவை எல்லாவற்றிலும் இருக்கும் பகுதி, நெல்லிலும் இருக்கிறது.

ஆகவே எனக்கு மூன்று விடயங்கள் தெரிய வேண்டும். பிரைமர்-பிளாஸ்டில் எந்த உயிரினங்களுக்குள் தேடும்படி கட்டளையிட்டீர்கள்? தூய வளர்ப்பிலிருந்து எடுத்த பங்கசின் டிஎன்ஏயைத் தனியாக வைத்துப் பார்த்தீர்களா? நோயில்லாத நெல் இலையை வைத்துப் பார்த்தீர்களா?

2023 தை 10

நேற்றைய குறிப்பைப் பார்த்த சிலர், அப்படியானால் மென்பொருள் சொல்லும் நிபந்தனைகள் எதற்கு என்று கேட்டிருக்கிறார்கள். அவற்றின் காரணங்களைத் தெரிந்துகொண்டால்தான் எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது விளங்கும்.

நீளத்தை எடுத்துக்கொள்வோம். நான்கு எழுத்துகளால் ஆன மொழியில் 16 எழுத்துத் தொடர்கள் சுமார் 429 கோடி விதமாக அமையலாம். 39 கோடி எழுத்துள்ள நெல் மரபுத்தொகுதியில் அப்படியான குறிப்பிட்ட ஒரு தொடர் தற்செயலாக முழுமையாகப் பொருந்துவதற்கு வாய்ப்புக் குறைவு. 18 முதல் 25 எழுத்துகள் வரை வைத்துக்கொள்ளச் சொல்வதற்கு அது ஒரு காரணம். பொருத்தமான உருகு வெப்பநிலை கிடைப்பது மற்றையது. ஆனால் டிஎன்ஏயைக் கட்டும் நொதியம் பிரைமரை நீட்டத் தொடங்குவது 3' முனையிலிருந்து, அதாவது பிரைமரின் கடைசி எழுத்திலிருந்து. அந்த முனையின் கடைசி எட்டு எழுத்துகளை மட்டும் எடுத்தால், 65,536 விதங்களில் ஒன்று அது. நெல் டிஎன்ஏயின் இரு இழைகளில் ஒன்றில் மட்டுமே அது சுமார் 6,000 இடங்களில் தற்செயலாகப் பொருந்தக்கூடும். பிரைமரை இலக்கில் ஒட்டவிடும் அனீலிங் வெப்பநிலையைத் தேவைக்கு அதிகமாகக் குறைத்தால் இந்த அரைகுறைப் பொருத்தங்களில் சிலவும் பிடித்துக்கொள்ளும். பிரைமரின் முழு நீளம் எத்தனை வீதம் பொருந்துகிறது என்பதைவிட, கடைசி ஐந்தாறு எழுத்துகள் எங்கெங்கே பொருந்துகின்றன என்பதையே நான் முதலில் பார்ப்பேன்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜிசி வீதம் 40க்கும் 60க்கும் இடையில் இருப்பது நல்லது. சோடியின் இரண்டு உருகு வெப்பநிலைகளுக்கும் இடையே 3 பாகைக்கு மேல் வித்தியாசம் வேண்டாம். கடைசி எழுத்து ஜி அல்லது சி ஆக இருந்தால் முனை உறுதியாக ஒட்டும். ஆனால் கடைசி ஐந்தில் மூன்றுக்கு மேற்பட்டவை அவையாக இருந்தால், தவறான இடத்திலும் அதே உறுதியோடு ஒட்டும். ஒரே எழுத்து நான்கு தடவைக்கு மேல் தொடர்ந்து வருவதையும், பிரைமர் தன்மீதே மடிவதையும், இரண்டு பிரைமர்களின் 3' முனைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதையும் தவிர்க்க வேண்டும்.

எங்கள் பக்கத்தில் இவ்வளவு கவனமாக இருப்பதற்கு இன்னுமொரு காரணமும் உண்டு. பிரைமர் வெளிநாட்டில் தயாரிக்கப்பட்டு, டொலரில் பணம் கட்டி, கிழமைக் கணக்கில் காத்திருந்த பின்னர்தான் வந்துசேர்கிறது. பிழையான சோடியை மாற்றி அடுத்த நாளே புதியதைப் பெறக்கூடிய நாட்டில் எழுதப்பட்ட வழிகாட்டியை நாங்கள் அப்படியே பின்பற்ற முடியாது. கட்டளை அனுப்புவதற்கு முந்தைய நாட்களைத் தாராளமாகச் செலவழியுங்கள்.

2023 தை 12

களுவாஞ்சிகுடியிலிருந்து கேட்டவருக்கு: பிரைமர்ப் பொதி குளிரூட்டப்படாமல் வந்ததென்று பதற வேண்டாம். உலர்ந்த பிரைமர் அறை வெப்பநிலையில் கிழமைக்கணக்கில் கெடாது. குழாயைத் திறப்பதற்கு முன் ஒரு நிமிடமாவது சுழற்றி இறக்குங்கள். உலர்ந்த பிரைமரின் வெள்ளைப் படலம் பல வேளைகளில் மூடியின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், திறந்த உடனே காற்றில் பறந்துவிடும். குழாயில் 24.6 நனோமோல் என்று இருந்தால் 246 மைக்ரோலீற்றர் சேர்க்க 100 மைக்ரோமோலார் கிடைக்கும். அதைப் பத்து மடங்கு ஐதாக்கிச் சிறு குழாய்களில் பிரித்து வையுங்கள்; 25 மைக்ரோலீற்றர் தாக்கத்துக்கு அதிலிருந்து 0.5 மைக்ரோலீற்றர் இட்டால் 0.2 மைக்ரோமோலார் ஆகும். இப்போது நாளாந்தம் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் மின்வெட்டு இருப்பதால், ஒரே குழாய் திரும்பத் திரும்ப உருகி உறைவதைத் தவிர்க்கவும் இப்படிப் பிரித்து வைப்பதே வழி.

2023 தை 16

சம்மாந்துறை மாணவி பதில் எழுதியிருக்கிறார். பிரைமர்-பிளாஸ்டில் தேடலைப் பங்கசுகளுக்குள் மட்டும் வரையறுத்திருந்தாராம். நோயில்லாத இலையை வைத்துப் பார்த்ததில், அதிலும் அதே உயரத்தில் பட்டை வந்திருக்கிறது.

முதல் விடயம் மிக முக்கியமானது. இதைப் பலர் செய்கிறார்கள். நாம் தேடுவது பங்கசை என்பதால் பங்கசுத் தொடர்களுக்குள் தேடினால் போதும் என்று தோன்றும். ஆனால் குழாய்க்குள் இருக்கும் டிஎன்ஏயில் பெரும்பகுதி நெல்லினுடையது என்பதால், நெல்லுக்குள் தேடுவதுதான் முதல் வேலை. ஒரைசா சற்றைவா (நெல்) என்று குறிப்பிட்டுத் தனியாக ஒரு தேடல், நெல்லில் காணப்படும் மற்றப் பங்கசுகளான பைபோலாரிஸ், ரைசொக்டோனியா, சரோகிளேடியம், பியூசேரியம் ஆகியவற்றுக்கு ஒவ்வொன்றாக ஒரு தேடல் என்று செய்ய வேண்டும். குழாய்க்குள் இருக்கக்கூடிய ஒவ்வொரு உயிரினத்திடமும் கேட்டுவிட்டுத்தான் பிரைமரை வரவழைக்க வேண்டும்.

இரண்டாவது விடயத்தில் அவசரப்பட்டு முடிவெடுக்க வேண்டாம். நோயில்லாத இலை என்று எதைச் சொல்கிறீர்கள்? அதே வயலில், அதே வரம்பிலிருந்து பறித்த பச்சை இலை என்றால், அதன்மீது வித்திகள் படிந்திருக்கலாம். புள்ளி வெளித் தெரியாமலே தொற்று உள்ளே இருக்கவும் கூடும். அந்தப் பட்டை நெல்லினுடையதா, கண்ணுக்குத் தெரியாத பங்கசினுடையதா என்பதை இந்த இலையால் சொல்ல முடியாது. விதை நெல்லின் மேற்பரப்பைத் தொற்றுநீக்கி, சுத்தமான ஊடகத்தில் முளைக்க விட்டு, அந்த நாற்றின் இலையை எடுங்கள். இரண்டு கிழமைக்குள் போதிய இலை வந்துவிடும். இரண்டு பட்டைகளையும் வெட்டியெடுத்துத் தொடர் பார்க்கவும் அனுப்புங்கள். செலவுதான், ஆனாலும் இந்தக் கேள்விக்கு அதைவிட நேரடியான பதில் வேறில்லை.

2023 தை 22

கடந்த பத்தாம் திகதிக் குறிப்பில் விதிகளை வரிசையாக எழுதியதிலிருந்து ஒரு விடயம் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. நிந்தவூர்ச் சகோதரர் ஒருவர், விதியை மீறிய பிரைமர்கள் அனைத்தையும் தூக்கி எறிய வேண்டுமா என்று கேட்டதும் அதை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது.

பங்கசு ஆய்வில் உலகம் முழுவதும் புழங்கும் ஐடிஎஸ்1 என்ற பிரைமரைப் பாருங்கள். 1990இல் வைற், புரூன்ஸ், லீ, டெய்லர் ஆகியோர் வெளியிட்டது. அதன் தொடர் இது: டி சி சி ஜி டி ஏ ஜி ஜி டி ஜி ஏ ஏ சி சி டி ஜி சி ஜி ஜி. மொத்தம் 19 எழுத்துகள். அவற்றில் ஜியும் சியும் 12, அதாவது 63 வீதம். கடைசி ஐந்து எழுத்துகளில் நான்கு ஜி அல்லது சி. இதற்கு மேலாக, ஒரு தாளில் எழுதி மடித்துப் பாருங்கள் (ஏ டியோடும், ஜி சியோடும் பொருந்தும்): இரண்டாம் எழுத்து பத்தொன்பதாவதோடும், மூன்றாவது பதினெட்டாவதோடும், நான்காவது பதினேழாவதோடும் பொருந்தும், ஐந்தாவதும் பதினாறாவதும் மட்டும் பொருந்தா, பின்னர் ஆறாவது பதினைந்தாவதோடும், ஏழாவது பதினான்காவதோடும், எட்டாவது பதின்மூன்றாவதோடும் மீண்டும் பொருந்தும். நடுவில் நான்கு எழுத்துகள் வளையமாக நிற்கும். அதாவது நீட்டப்பட வேண்டிய 3' முனையே பிரைமரின் மறு முனையோடு மடிந்து ஒட்டிக்கொள்ளக் கூடியது. இன்று ஒரு மாணவி இதை வடிவமைத்துக் கொண்டுவந்தால் நானே திருப்பி அனுப்பிவிடுவேன். ஆனால் இந்தப் பிரைமர் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக எண்ணற்ற ஆய்வுகூடங்களில் வேலை செய்துகொண்டிருக்கிறது. 2012இல் ஐடிஎஸ் பகுதி பங்கசுகளுக்கான பொது அடையாளத் தொடராக முன்மொழியப்பட்டதிலும் இத்தகைய பிரைமர்களால் கிடைத்த தொடர்களின் பங்கு உண்டு.

ஏன் வேலை செய்கிறது? மடிப்பு நிரந்தரமானதல்ல. அனீலிங் வெப்பநிலையில் மடிந்த வடிவமும் விரிந்த வடிவமும் மாறிக்கொண்டே இருக்கும். விரிந்திருக்கும் நொடியில் இலக்கைப் பிடித்து நொதியம் நீட்டத் தொடங்கிவிட்டால் மடிப்பு தோற்றுவிடும். போதாததற்கு, ஐடிஎஸ் ஒரு கலத்தில் பல பிரதிகளாக இருப்பது; பிரைமரின் திறன் சற்றுக் குறைந்தாலும் பட்டை வந்துவிடும். ஒரேயொரு பிரதி உள்ள பரம்பரையலகுக்கு இந்தச் சலுகை கிடையாது.

ஆகவே முன்னர் எழுதியதைச் சற்றுத் தளர்த்துகிறேன். விதி மீறியது என்ற ஒரே காரணத்துக்காகப் பலரும் சோதித்துவிட்ட பிரைமரைக் கைவிட வேண்டாம். விதிக்குள் இருக்கிறது என்ற காரணத்துக்காகப் புதிய பிரைமரை நம்பவும் வேண்டாம். இதே ஐடிஎஸ்1 தாவரங்களிலும் நன்றாகப் பெருக்கும் என்பதால்தான் 1993இல் கார்டிஸும் புரூன்ஸும் பங்கசுப் பக்கம் சாய்வான ஐடிஎஸ்1-எஃப் பிரைமரை உருவாக்கினார்கள். பெருக்கும் திறன் வேறு, தெரிந்தெடுக்கும் திறன் வேறு. மென்பொருள் முதலாவதைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறது.

2023 தை 28

அதே நிந்தவூர்ச் சகோதரரின் அடுத்த கேள்வி: ஒரே பிரைமருக்கு மூன்று மென்பொருள்கள் மூன்று உருகு வெப்பநிலைகளைத் தருகின்றனவே, எதை எடுப்பது?

கையால் போடும் பழைய கணக்கில் ஏ, டி ஒவ்வொன்றுக்கும் 2 பாகை, ஜி, சி ஒவ்வொன்றுக்கும் 4 பாகை. ஐடிஎஸ்1உடன் சோடியாகப் பயன்படும் ஐடிஎஸ்4 பிரைமரில் 20 எழுத்துகளில் 9 ஜிசி; ஆகவே 22உம் 36உம் சேர்ந்து 58. குறுகிய தொடர்களுக்கான தோராயம் அது. எழுத்துகள் எந்த ஒழுங்கில் நிற்கின்றன என்பதைக் கவனிப்பதில்லை. இன்றைய மென்பொருள்கள் அடுத்தடுத்து நிற்கும் எழுத்துச் சோடிகளின் ஆற்றலைக் கூட்டிக் கணிக்கின்றன. சன்டலூசியா என்ற ஆய்வாளர் 1998இல் ஒருங்கிணைத்து வெளியிட்ட பெறுமானங்களே பெரும்பாலும் அதற்கு அடிப்படை. அந்தக் கணக்குக்கு உப்புச் செறிவும், மக்னீசியமும், பிரைமரின் செறிவும் தேவை. ஒரு மென்பொருள் மக்னீசியத்தைப் பூச்சியம் என்று எடுத்துக்கொள்ளும், இன்னொன்று 1.5 மில்லிமோலார் என்று எடுத்துக்கொள்ளும். விடை மாறத்தான் செய்யும். உங்கள் குழாயில் உண்மையில் என்ன செறிவுகள் உள்ளனவோ அவற்றை இட்டுப் பாருங்கள். வித்தியாசம் பெருமளவு சுருங்கிவிடும்.

மக்னீசியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. டிஎன்ஏயைக் கட்டும் மூலப்பொருள்களான டிஎன்டிபி நான்கும் ஒவ்வொன்றும் 0.2 மில்லிமோலார்படி இட்டால் மொத்தம் 0.8 மில்லிமோலார், அது ஏறத்தாழ அதே அளவு மக்னீசியத்தைப் பிடித்துக்கொள்ளும். 1.5 இட்ட இடத்தில் நொதியத்துக்கு எஞ்சுவது 0.7 அளவுதான். டிஎன்ஏயைக் கரைத்த கரைசலில் மக்னீசியத்தைப் பிடிக்கும் ஈடிடிஏ இருந்தால் அதிலிருந்தும் ஒரு பங்கு போகும். பட்டை மங்கலாக வந்தவுடன் பிரைமரைக் குறை சொல்வதற்கு முன் இதைப் பாருங்கள்.

எப்படியாயினும் கணித்த எண் ஆரம்பப் புள்ளி மட்டுமே. சோடியில் குறைந்த உருகு வெப்பநிலைக்கு 5 பாகை கீழே தொடங்கி, ஒரே ஓட்டத்தில் வெவ்வேறு வெப்பநிலைகளைத் தரும் கிரேடியன்ட் இயந்திரத்தில் படிப்படியாக ஏற்றிப் பாருங்கள். பட்டை இன்னும் தெளிவாக இருக்கக்கூடிய மிக உயர்ந்த வெப்பநிலையைத்தான் நான் தெரிவு செய்வேன். இந்தப் பரிசோதனையில் நோயுற்ற இலையின் டிஎன்ஏயை மட்டும் வைக்கக் கூடாது. நாற்று இலையின் டிஎன்ஏயையும் ஒவ்வொரு வெப்பநிலையிலும் பக்கத்திலேயே வையுங்கள். தேவையற்ற பட்டை எந்தப் பாகையில் மறைகிறது என்பது அப்போதுதான் தெரியும்.

2023 மாசி 4

தொடர் முடிவு வந்துவிட்டது. நோயில்லாத இலையின் பட்டை நெல். நோயுற்ற இலையினதோ இரண்டு தொடர்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கலந்து வாசிக்க முடியாதபடி இருக்கிறது. பங்கசின் ஐடிஎஸ் துண்டும் நெல்லின் ஐடிஎஸ் துண்டும் நீளத்தில் நெருக்கமானவை என்பதால் 1.5 வீத அகாரோசு ஜெல்லில் அவை ஒரே பட்டையாகத் தெரிந்திருக்கின்றன. மாணவி மனம் தளர்ந்து எழுதியிருந்தார். அந்தப் பச்சை இலையை அவர் வைத்துப் பார்த்திராவிட்டால் இறக்காமத்து வயல்கள் அனைத்திலும் எரிபந்தம் இருப்பதாக அறிக்கை சொல்லியிருக்கும். அது நடக்கவில்லை என்பதே இந்தக் கிழமையின் பெறுபேறு.

இனி என்ன செய்யலாம்? ஒரு வழி, ஐடிஎஸ் பகுதிக்குள்ளேயே நெல்லும் பங்கசும் வேறுபடும் எழுத்தைத் தேடி, அது 3' முனையின் கடைசி எழுத்தாக அமையும்படி பிரைமரை நகர்த்துவது. கடைசி எழுத்துப் பொருந்தாவிட்டால் பிசிஆரில் வழமையாகப் பயன்படும் டாக் நொதியம் நீட்டத் தயங்கும். ஆனால் எல்லாப் பொருத்தமின்மைகளும் சமமானவை அல்ல. 1990இல் குவோக்கும் சகாக்களும் ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதித்தார்கள்: ஏயும் ஜியும் எதிரெதிரே நின்றாலும், சியும் சியும் நின்றாலும் விளைவு சுமார் 100 மடங்கு குறைந்தது, ஏயும் ஏயும் நின்றபோது சுமார் 20 மடங்கு. டி பங்குகொண்ட பொருத்தமின்மைகள் பெருக்கத்தைப் பெரிதாகத் தடுக்கவில்லை. ஆகவே பிரைமரின் முனையில் டி நின்று நெல்லின் இழையில் ஜி நின்றால், அந்த வித்தியாசத்தை நம்பக் கூடாது. கடைசி எழுத்தோடு சேர்த்து, அதற்கு முந்தைய இரண்டு மூன்று எழுத்துகளிலும் ஒரு வித்தியாசம் கிடைத்தால் மனம் ஆறுதலடையும். ஒன்றைக் கவனியுங்கள்: திருத்தி வாசிக்கும் ஆற்றலுள்ள நொதியத்தைப் பயன்படுத்தினால் அது பொருந்தாத முனையை வெட்டிவிட்டு நீட்டிக்கொண்டு போகும். இந்த வேலைக்குச் சாதாரண டாக்கே ஏற்றது.

மற்றைய வழி, நெல்லில் இல்லவே இல்லாத இலக்கைத் தேடுவது. எரிபந்தப் பங்கசில் பொட்2 என்ற இடம்பெயர் மூலகம் (மரபுத்தொகுதிக்குள் இடம் மாறக்கூடிய டிஎன்ஏ துண்டு) உண்டு. மரபுத்தொகுதியில் சுமார் 100 பிரதிகள் வரை இருப்பதால் சிறிதளவு பங்கசையும் பிடிக்கும். அதை இலக்காகக் கொண்ட, 687 எழுத்து நீளத் துண்டைத் தரும் பிரைமர் சோடியொன்று ஏற்கெனவே வெளியாகியும் இருக்கிறது. அதை முதலில் வாங்கிப் பாருங்கள் என்பதே எனது ஆலோசனை. புதிதாக வடிவமைத்தால்தான் ஆய்வு என்ற எண்ணம் எங்கள் மாணவர்களிடம் இருக்கிறது. வேறொருவர் வடிவமைத்ததை எங்கள் வயல் மாதிரிகளில் முறையாகச் சோதித்து எழுதுவதும் முழுமையான ஆய்வுதான்.

2023 மாசி 5

நேற்றைய குறிப்புக்கு ஒரு சேர்க்கை. பொட்2 பிரதிகளின் எண்ணிக்கை தனிமைப்படுத்திய ஒவ்வொரு பங்கசிலும் ஒரேயளவாக இருக்காது. இருக்கிறதா இல்லையா என்ற கேள்விக்கு அது நல்ல இலக்கு. இலையில் எவ்வளவு பங்கசு இருக்கிறது என்று அளப்பதற்கு ஒற்றைப் பிரதி உள்ள பரம்பரையலகே பொருத்தமானது.

2023 மாசி 12

வாவியோரம் இறால் வளர்ப்போரோடு வேலை செய்யும் ஒருவர், வெண்புள்ளி வைரசுக்கு இரண்டு கட்டப் பிசிஆர் செய்வதைப் பற்றிக் கேட்டிருக்கிறார். 1996இல் வெளியான அந்த முறையில் வெளிச் சோடி 1,447 எழுத்துத் துண்டையும், உள்சோடி அதற்குள்ளிருந்து 941 எழுத்துத் துண்டையும் தருகின்றன. வெளிச் சோடி தவறாகப் பெருக்கிய துண்டுக்குள் உள்சோடிக்கு இடம் இருக்காது; அதனால் தெரிந்தெடுக்கும் திறன் கூடும். விலை வேறொரு இடத்தில் கொடுக்க வேண்டியிருக்கும். முதற்கட்டம் முடிந்த குழாயைத் திறக்கும்போது கோடிக்கணக்கான துண்டுகள் காற்றிலும் கையுறையிலும் குழாயியிலும் (பிப்பெட்) பரவும். குளிரூட்டியுள்ள ஒரே அறையில் கலவை தயாரிப்பது, குழாய் திறப்பது, ஜெல் ஓட்டுவது எல்லாவற்றையும் செய்யும் ஆய்வுகூடத்தில் இந்த முறையைத் தொடங்கவே நான் தயங்குவேன். தொடங்குவதாயின் கலவைக்கு வேறு இடம், வேறு குழாயிகள், வடிகட்டி உள்ள முனைகள். முதற்கட்டத்தின் வெற்று நீர்க் குழாயையும் இரண்டாம் கட்டத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும், புதிய நீர் ஒன்றையும் சேர்க்க வேண்டும்.

2023 மாசி 26

மின்வெட்டு நின்றுவிட்டதால் 35 சுற்று ஓட்டத்தை நேரம் பார்க்காமல் இட முடிகிறது.

மாணவி புதிய சோடிக்காகக் காத்திருக்கும் இடைவெளியில் சோதனைக்கான மாதிரிகளைச் சேர்க்கத் தொடங்கிவிட்டார். இந்தச் சேர்க்கைதான் சரிபார்த்தலின் இதயம் என்று நான் நினைக்கிறேன். பெருக வேண்டியவை ஒரு பக்கம்: இறக்காமம், அக்கரைப்பற்று, உன்னிச்சைக் குளத்தின் கீழ்வயல்கள் ஆகிய இடங்களில் தனித்தனியே வளர்த்தெடுத்த பங்கசுகள். ஒரே வயலின் பல இலைகள் போதாது. ஒரே வம்சம் திரும்பத் திரும்ப வந்ததாகிவிடும். பெருகக் கூடாதவை மறு பக்கம்: கபிலப் புள்ளியின் பைபோலாரிஸ், இலைமடல் கருகலின் ரைசொக்டோனியா சொலானி, நாற்று இலை, அயலில் பயிரிடப்படும் வெவ்வேறு நெல்லினங்களின் இலைகள்.

பெருகாத குழாய் ஒவ்வொன்றுக்கும் ஏன் பெருகவில்லை என்பதற்கும் பதில் வேண்டும். நெல் இலைச் சாற்றில் எஞ்சும் பல்சக்கரைட்டும் பீனோல் சேர்வைகளும் நொதியத்தை முடக்கிவிடும். அப்போது எந்தப் பிரைமரும் மிகவும் தெரிந்தெடுப்பதாகத் தோற்றமளிக்கும். ஆகவே ஒவ்வொரு டிஎன்ஏயிலும் பொதுப் பிரைமர் ஒன்றை ஓட்டி, பெருகக்கூடிய நிலையில் டிஎன்ஏ இருக்கிறதென்று காட்டுங்கள். முன்னர் சொன்ன ஐடிஎஸ்1, ஐடிஎஸ்4 சோடி இந்த வேலைக்கு நன்றாக உதவும், ஏனெனில் அது நெல்லையும் பெருக்கும், பங்கசையும் பெருக்கும். பட்டை வராவிட்டால் டிஎன்ஏயைப் பத்து மடங்கு ஐதாக்கி மீண்டும் பாருங்கள்.

2023 பங்குனி 5

எவ்வளவு குறைந்த அளவைக் கண்டுபிடிக்கும் என்று எப்படிச் சொல்வது எனச் சிலர் கேட்டீர்கள். 4 கோடி எழுத்துச் சோடிகள் உள்ள பங்கசின் ஒரு மரபுத்தொகுதி சுமார் 43 பெம்டோகிராம் எடை. ஒரு பிக்கோகிராமில் (1,000 பெம்டோகிராம்) சுமார் 23 பிரதிகள் இருக்கும். ஒற்றைப் பிரதி இலக்கு என்றால், குழாய்க்குச் சராசரியாக மூன்று பிரதிகள் விழும் அளவுக்கு ஐதாக்கும்போதே இருபதில் ஒரு குழாயில் தற்செயலாக எதுவும் விழாமல் போகும். அதற்குக் கீழே எந்தப் பிரைமராலும் ஒவ்வொரு தடவையும் தவறாமல் பிடிக்க முடியாது. ஒவ்வொரு ஐதாக்கத்துக்கும் ஒரு குழாய் மட்டும் வைத்து எல்லையை அறிவிப்பதில் பொருளில்லை. எல்லைக்கு அருகில் குழாய்களைக் கூட்டுங்கள். ஐதாக்குவதையும் வெறும் நீரில் செய்யாமல் நாற்று இலையின் டிஎன்ஏ கலந்த கரைசலில் செய்யுங்கள், வயல் மாதிரியில் அந்தக் கூட்டத்துக்குள்தான் பங்கசு இருக்கப்போகிறது.

பெருக்கத்தைச் சுற்றுக்குச் சுற்று அளக்கும் நிகழ்நேர பிசிஆர் இயந்திரம் கிடைத்தால் பத்து மடங்கு வீதம் ஐந்து ஐதாக்கங்கள் இட்டு, செறிவின் மடக்கைக்கு எதிரே சமிக்ஞை தோன்றும் சுற்று எண்ணை வரைந்து, அந்தக் கோட்டின் சாய்வைப் பாருங்கள். மைனஸ் 3.32 என்றால் ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாகிறது, மைனஸ் 3.1 முதல் மைனஸ் 3.6 வரை ஏற்றுக்கொள்ளலாம், அது 110 முதல் 90 வரையான வீதத் திறன். 110ஐத் தாண்டினால் மகிழ வேண்டாம், செறிவான குழாய்களில் தடைப்பொருள் இருப்பதற்கான அறிகுறியாக அது இருக்கலாம்.

2023 பங்குனி 6

ஒரு தடவை சரிபார்த்தால் போதாதா என்று கேட்டவருக்கு, மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் எல்லோரும் பார்த்த உதாரணத்தையே தருகிறேன். 2020இல் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் கொரோனாவுக்காக அனுப்பிய முதற் பரிசோதனைப் பொதி, வைரசு இல்லாத குழாய்களிலும் சமிக்ஞை காட்டியதால் பயன்படுத்த முடியாமல் போனது. பின்னர் அந்நிறுவனத்தின் விஞ்ஞானிகளே ஆராய்ந்து, ஒரு கூறில் மாசு கலந்திருந்ததையும், இன்னொன்றில் பிரைமரும், பெருக்கத்தைக் காட்டும் ஒளிர் துண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டதையும் 2021இல் வெளியிட்டார்கள். அதே காலத்தில் அல்பா திரிபு வந்தபோது, எஸ் பரம்பரையலகை நன்றாகப் பிடித்துவந்த ஒரு சோதனை ஆறு எழுத்துகள் அழிந்துபோனதால் அதைத் தவறவிட்டது. முதலாவதில் குழாய்க்குள் நடந்தது பிழையாகிவிட்டது. இரண்டாவதில் குழாய்க்கு வெளியே உலகம் மாறியது. எரிபந்தப் பங்கசும் நெல்லினத்தை மாற்றினால் தானும் மாறும் உயிர். வெளியான தொடர்கள் கூடும்போதெல்லாம் பிரைமரை அவற்றோடு மீண்டும் ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம்.

2023 பங்குனி 19

புதிய சோடியின் முதற் படம் வந்திருக்கிறது. மூன்று பிரதேசங்களின் பங்கசுகளிலும் 687இல் பட்டை. நாற்று இலையிலும் பைபோலாரிஸிலும் ரைசொக்டோனியாவிலும் இல்லை. அவை எல்லாவற்றிலும் பொதுச் சோடியின் பட்டை இருக்கிறது. இரண்டு துண்டுகளின் தொடர்களும் இரு முனைகளிலிருந்தும் வாசிக்கப்பட்டுப் பொருந்தியிருக்கின்றன.

இப்போது எழுதலாம் மகள். ஆனால் "சரிபார்க்கப்பட்டது" என்று ஒற்றைச் சொல்லாக எழுத வேண்டாம். எவற்றுக்கு எதிராக, எந்த அனீலிங் வெப்பநிலையில், எந்த மக்னீசியச் செறிவில், எந்த நொதியத்தோடு என்று எழுதுங்கள். பிரைமர்த் தொடர்களை 5' முனையிலிருந்து முழுமையாகக் கொடுங்கள். ஜெல் படத்தை வெட்டாமல், வெற்று நீர்க் குழாயும் அளவுக்கோடும் தெரியும்படி இடுங்கள். ஐடிஎஸ் சோடி ஏன் கைவிடப்பட்டது என்பதற்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அடுத்த ஆண்டு வரும் மாணவர் அதே பாதையில் போகாமல் இருக்க அந்தப் பக்கமே அதிகம் உதவும்.

இன்னும் ஒரு வெற்றிடம் இருக்கிறது. குரக்கனைத் தாக்குவதும் இதே இனத்தின் பங்கசுதான். அதிலும் இந்தச் சோடி பெருக்குமாயின், உங்கள் பிரைமர் இனத்தை அடையாளம் காட்டுகிறது என்று சொல்லலாமே தவிர, நெல்லைத் தாக்கும் வகையைப் பிரித்துக் காட்டுகிறது என்று சொல்ல முடியாது. படுவான்கரைப் பக்கம் குரக்கன் செய்கையில் புள்ளி விழுந்த இலை யாருக்காவது கிடைத்தால், கடதாசி உறையில் உலர்த்தி வைத்துவிட்டு இங்கே ஒரு வரி எழுதுங்கள். பொலித்தீன் பையில் வைக்க வேண்டாம், பூஞ்சணம் பிடித்துவிடும்.